அந்த டிராகன் நிஜமா, சும்மாவா?

இந்த எபிசோடை கும்மிடிப்பூண்டியில எங்க வீட்டு மாடியில உட்கார்ந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல லாரி சத்தம் கேட்டா, சிப்காட் பக்கம் போற வண்டின்னு விட்டுடுங்க.

இன்னைக்கு 1985-ல் வந்த ‘கேயாஸ்’ங்கிற கேம். உருவாக்கினவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜூலியன் காலப். 1994-ல் எக்ஸ்-காம் கேமைக் கொடுத்தவரும் இவர்தான். ஓடினது இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்ங்கிற வீட்டுக் கம்ப்யூட்டர்ல. மெமரி வெறும் 48 கேபி. உங்க போன்ல இருக்கிற ஒரு போட்டோ கூட அதுல அடங்காது!

8 மந்திரவாதிகள் வரைக்கும் மோதலாம். கீபோர்டு ஒண்ணுதான், மாத்தி மாத்தி ஆடணும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் பலிக்கிற வாய்ப்பு சதவீதத்துல தெரியும். எலி சுலபமா வரும், டிராகன் லேசுல வராது.

இங்கதான் சூட்சுமம். எந்த உயிரையும் ‘மாயை’யா வரவழைக்கலாம். அது கட்டாயம் பலிக்கும், நிஜம் மாதிரியே கடிக்கும். ஆனா எதிராளி ‘நம்பமாட்டேன்’னு ஒரு மந்திரம் போட்டா மறைஞ்சிடும். நிஜமா இருந்தா, அவரோட முறை வீண்.

போன மாசம் எமுலேட்டர்ல அப்பாவும் தங்கச்சியும் ஆடினாங்க. அப்பா இங்க ஒரு ஃபேக்டரியில குவாலிட்டி செக்கிங். சந்தேகப்படுறதுதான் அவர் பொழப்பே. முதல் ரவுண்டிலேயே தங்கச்சி பச்சை டிராகனை இறக்கினா. அப்பா உடனே நம்பமாட்டேன்னார். டிராகன் காலி.

அப்புறம் அவ அமைதியா ‘லா’ வகை மந்திரங்களையே போட்டுட்டு வந்தா. ஒரு வகையை அதிகமா போட்டா, உலகமே அந்தப் பக்கம் சாஞ்சு, அந்த வகை மந்திரங்கள் இன்னும் சுலபமாகும். தங்க டிராகனும் ‘லா’ வகைதான். வாய்ப்பு ஏறினதும் நிஜமாவே வரவழைச்சா. அப்பா மறுபடியும் சந்தேகப்பட்டார். முறை போச்சு, ஆளும் போனார்.

அப்பா சிரிச்சுட்டே சொன்னார்: “எல்லாத்தையும் செக் பண்ணா லோடு கிளம்பாது. எதையுமே பண்ணலன்னா சரக்கு திரும்பி வந்துடும்.”

கோடு எழுதுற எனக்கும் தினமும் இதே கணக்குதான். சரிபார்க்கவும் ஒரு விலை உண்டு. அதனால டிராகனை மட்டும் பார்க்காதீங்க, அதுக்கு முன்னாடி எதிராளி என்ன செஞ்சார்னும் பாருங்க.

நீங்க கடைசியா எதைத் தப்பா சந்தேகப்பட்டீங்க? வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.