இரத்தத்தில் இருக்கும், நெஞ்சில் வேலை செய்யாது

கிளினிக் நாளில் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ மாவட்டப் பொது வைத்தியசாலை வாங்கில் இருப்பவர்களில் சிலரின் நோயை, அவர்கள் இருக்கும் விதத்தை வைத்தே சொல்லிவிடலாம். இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முன்னால் சரிந்து, வாயைக் குவித்து மெல்ல ஊதிக்கொண்டிருப்பார்கள். அநேகமாக ஆண்கள், அறுபதைத் தொட்ட வயது, முப்பது, நாற்பது வருடமாகப் பீடியோ சிகரெட்டோ பத்தியவர்கள். வீட்டில் இதைத் தொய்வு என்பார்கள், முட்டு என்பார்கள். வைத்தியர் கொப்பியில் சிஓபிடி என்று எழுதுவார். நாட்பட்ட சுவாச அடைப்பு நோய்.

தொய்வுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. தொய்வு வரும், போகும். இடையில் மனிதர் நன்றாக இருப்பார். இதில் அடைபட்ட மூச்சு முழுதாகத் திரும்பித் திறப்பதில்லை. மருந்துப் பம்ப் அடித்தால் கொஞ்சம் இலகுவாகும், அவ்வளவுதான்.

அவர்கள் ஏன் வாயைக் குவித்து ஊதுகிறார்கள்? யாரும் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. சுவாசக் குழாய்களின் நுனிக்கிளைகளுக்கு எலும்போ குருத்தெலும்போ தாங்கலாக இல்லை. சுற்றியுள்ள சிற்றறைகளின் சுவரில் இருக்கும் இழுபடும் நார்கள்தான் அவற்றை நாலா பக்கமும் இழுத்துத் திறந்து வைத்திருக்கின்றன. அந்த நாருக்கு எலாஸ்ரின் என்று பெயர். நார் அறுந்தால், மூச்சு விடும்போது குழாய் நசுங்கி மூடிக்கொள்ளும். உள்ளே போன காற்று உள்ளேயே சிக்கிவிடும். வாயைக் குவித்தால் காற்று வெளியேற முன்னால் ஒரு எதிர் அழுத்தம் உண்டாகிறது, குழாய் மூடுவது தள்ளிப்போகிறது. உடம்பு தானாகக் கண்டுபிடித்த வைத்தியம் அது.

அந்த நாரை அறுப்பது யார்? புகை நேராக அறுப்பதில்லை. அறுப்பவை எங்களைக் காக்கப் பிறந்த வெண்குருதிக் கலங்கள்தான். கிருமி புகுந்தால் அவை நுரையீரலுக்குள் ஓடிவந்து எலாஸ்ரேஸ் என்ற நொதியத்தைக் கக்கும். கிருமியைக் கரைக்கவென்று வருகிற நொதியம், பக்கத்தில் இருக்கிற எலாஸ்ரினையும் கரைத்துவிடும். முற்றல் ஆட்டிறைச்சி அவியாவிட்டால் எங்கள் குசினிகளில் ஒரு பப்பாசிக்காய்த் துண்டைப் போடுவார்கள் அல்லவா, அந்தப் பாலில் உள்ள பப்பெயின் செய்கிற அதே வகை வேலை. இது சும்மா உவமைக்குச் சொல்வதும் அல்ல. 1960களின் நடுவில் அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க்கில் போல் குரோஸ் குழுவினர் எலிகளின் நுரையீரலுக்குள் பப்பெயினை விட்டுப் பார்த்தார்கள். சிற்றறைச் சுவர்கள் கரைந்து, சிறு அறைகள் பலவும் ஒன்றாகிப் பெரிய வெற்றுப் பைகளாயின. புகைப்பவரின் நெஞ்சில் வைத்தியர்கள் காணும் எம்பிசீமா என்னும் நுரையீரல் ஊதல் நோய் அப்படியே எலியில் வந்தது.

அப்படியென்றால் எல்லாருடைய நுரையீரலும் ஏன் கரைந்துபோகவில்லை? ஈரல் ஒரு புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. அல்பா-1 அன்ரிரிப்சின். 394 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து சிற்றறைகளுக்குள் கசிந்து, எலாஸ்ரேஸ் எங்கே அலைந்தாலும் பிடித்து முடக்குவதுதான் அதன் பிரதான வேலை. அது பிடிக்கும் விதம் விசித்திரமானது. சங்கிலியின் 358ஆம் இடத்தில் மெதியோனின் என்ற அமினோ அமிலம் தூண்டில் இரைபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எலாஸ்ரேஸ் அதை வெட்ட வரும். வெட்டிய கணத்தில் புரதம் சட்டென்று மடிந்து எலாஸ்ரேஸை நசுக்கிவிடும். இரண்டும் சேர்ந்தே அழியும். ஒன்றுக்கு ஒன்று என்பதுதான் கணக்கு.

இதன் அருமை தெரிந்தது சுவீடனில், 1963இல். மல்மோ நகர வைத்தியசாலையில் லோரெல், எரிக்சன் என்ற இருவர் ஏறக்குறைய 1500 பேரின் இரத்தப் புரதங்களைப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து பேரில் இந்தப் புரதத்துக்குரிய பட்டை இல்லை. அந்த ஐவரில் மூவருக்கு நுரையீரல் நோய் இருந்தது. காப்புப் புரதம் இல்லாவிட்டால் நுரையீரல் கரையும் என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: இந்தக் குறைபாட்டோடு பிறந்தவர்களிலும், புகைப்பவர்களுக்குத்தான் மூச்சிரைப்பு பத்து வருடத்துக்கு மேல் முந்தி வந்தது.

எங்கள் பக்கத்தில் அந்தப் பரம்பரைக் குறைபாடு மிக அரிது. அதன் கடுமையான வகை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்தவரிடம், அதிலும் வட ஐரோப்பியரிடம் காணப்படுவது. வன்னியில் பிறக்கும் பிள்ளை கிட்டத்தட்ட எப்போதும் முழுக் காப்போடுதான் பிறக்கிறது. அப்படியிருந்தும் அந்த வாங்கு நிறைவது எப்படி?

விடை அந்த 358ஆம் இடத்து மெதியோனினில் இருக்கிறது. அதில் கந்தக அணு ஒன்று உண்டு. ஒட்சிசன் மிக இலகுவாக அதில் ஒட்டும். சிகரெட் புகையில் 7000க்கு மேற்பட்ட இரசாயனங்கள். அவற்றில் பல ஒட்சியேற்றும் தன்மை கொண்டவை. போதாததற்கு, புகை பட்டுச் சினந்த வெண்குருதிக் கலங்களும் தங்கள் பங்குக்கு ஒட்சியேற்றிகளைக் கக்கும். கந்தகத்தில் ஒட்சிசன் ஒட்டியதும் இரை எலாஸ்ரேஸின் வாய்க்குப் பொருந்தாமல் போகும். சோதனைக் குழாயில் அளந்தபோது, ஒட்சியேறிய புரதம் எலாஸ்ரேஸைப் பிடிக்கும் வேகம் சுமார் 2000 மடங்கு குறைந்திருந்தது. புரதம் அங்கேயேதான் இருக்கிறது, வேலைதான் செய்யவில்லை. அதே புகை எலாஸ்ரேஸைச் சுமந்து வரும் கலங்களையும் கூட்டம் கூட்டமாக அழைக்கிறது. காவலாளியின் கையைக் கட்டிப்போட்டுக் கள்ளனுக்குக் கதவையும் திறந்துவிடுவதுதான் இது.

இதனால்தான் இரத்தப் பரிசோதனையை நம்பி ஆறுதல் கொள்ள முடியாது. உடம்பில் அழற்சி இருந்தால் ஈரல் இந்தப் புரதத்தை மேலதிகமாகச் செய்யும். புகைப்பவரின் இரத்தத்தில் அளவு சரியாக, சிலவேளை கூடுதலாகக்கூட இருக்கும். நெஞ்சுக்குள்ளே அதில் எத்தனை பங்கு வேலை செய்கிறது என்பது வேறு கதை. 1979இல் அமெரிக்க ஆய்வாளர்கள் புகைப்பவர்களின் நுரையீரலை உப்புநீரால் கழுவி எடுத்துப் பார்த்து, காப்புப் புரதத்தின் வேலைத்திறன் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். பிறகு வந்த சில ஆய்வுகளில் குறைவு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆகவே இந்த ஒரு புரதத்தின் தலையிலேயே முழுப் பழியையும் போடுவது சரியல்ல என்றே எனக்கும் படுகிறது. வேறு காவலர்களும் அடிபடுகிறார்கள்.

சிற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் வழுவழுப்பான ஒரு படை உள்ளே பூசியிருக்கும். அதில் உள்ள எஸ்பி-ஏ, எஸ்பி-டி என்ற புரதங்கள் கிருமிகளைப் பிடித்துத் திரட்டிக் கொடுக்கும். புகைப்பவரின் நுரையீரல் கழுவலில் இவை குறைவு. வேடிக்கை என்னவென்றால் எஸ்பி-டி சிஓபிடி நோயாளரின் இரத்தத்தில் கூடுதலாக இருக்கும். பழுதான சுவரினூடாக உள்ளே கசிந்துவிடுகிறது என்று நினைக்கிறார்கள். எஸ்பி-டி இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்குப் புகையே இல்லாமல் எம்பிசீமா வந்தது. சுவாசக் குழாயின் நுனிக் கலங்கள் சுரக்கும் சிசி-16 என்ற சிறு புரதம் அழற்சியைத் தணிப்பது. புகைப்பவர்களில் அதுவும் குறைகிறது. சளியை இளக்கமாக வைத்திருக்க உப்பையும் நீரையும் வெளியே விடும் வாயில் புரதமும் புகையில் மந்தமாகிறது. காலையில் கனைத்துக் கனைத்தும் வராத அந்தத் தடித்த சளிக்கு இது ஒரு காரணம். மாரியில் ஒரு தடிமன் வந்தால் நேராக நெஞ்சுக்கு இறங்கி வாட்டில் படுக்க வைப்பதும் இந்தக் காவலெல்லாம் தளர்ந்ததால்தான்.

"எங்கட அப்பு தொண்ணூறு வயதுமட்டும் சுருட்டுப் பத்தினவர், ஒன்றும் வரேல்லை" என்று சொல்லாத வீடு இங்கே குறைவு. உண்மையாகவும் இருக்கலாம். புகைக்கும் எல்லாருக்கும் சிஓபிடி வருவதில்லை; பரம்பரையில் கிடைத்த தாங்கும் திறன் ஆளுக்கு ஆள் மாறும். சுருட்டுப் புகை காட்டமானது, பலர் அதை நெஞ்சுக்குள் ஆழ இழுப்பதில்லை. அந்தப் புகையின் கெடுதலை அப்புவின் வாயும் தொண்டையும் வாங்கியிருக்கும். அப்புவின் கணக்கை வைத்து பேரன் சிகரெட் பெட்டியைத் திறக்க முடியாது. போதாததற்கு, இங்கே பலருடைய நெஞ்சில் ஏற்கெனவே காசநோயின் தழும்போ யுத்தத்தில் பட்ட காயமோ இருக்கிறது. அவர்களிடம் இழப்பதற்கு மிச்சம் குறைவு.

புகையே பிடிக்காத அம்மாமாருக்கும் இந்த நோய் வருகிறது. 2012 கணக்கெடுப்பின்படி இலங்கையில் நாலில் மூன்று பங்குக்கு மேற்பட்ட வீடுகளில் சமையல் விறகில்தான். ஜன்னலில்லாத குசினியில் ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்த நெஞ்சுக்குள்ளும் அதே அழற்சி நடக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், பணக்கார நாடுகளில் சிஓபிடியில் 70 வீதத்துக்கு மேல் புகைத்தலால் வருவது. எங்களைப் போன்ற நாடுகளில் 30 முதல் 40 வீதம். மிச்சத்தில் வீட்டுப் புகைக்குப் பெரிய பங்கு.

காப்புப் புரதத்தை ஊசியாக ஏற்றலாமே என்று கேட்கலாம். தானம் கிடைத்த இரத்தத்திலிருந்து பிரித்து ஏற்றும் மருந்து 1987இல் இருந்தே அமெரிக்காவில் உண்டு. கிழமைக்கொருமுறை, வாழ்நாள் முழுக்க. அதுவும் பிறவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும். புகைப்பவருக்கு ஏற்றினால் அதையும் புகை ஒட்சியேற்றும்.

அறுந்த நாரை மீட்டுத் தரும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் ஈரல் புதுப் புரதத்தை ஒவ்வொரு நாளும் செய்கிறது. புகை நின்றால் அது பழுதாகாமல் வேலைக்கு வரும். அமெரிக்காவிலும் கனடாவிலும் சிஓபிடியின் ஆரம்ப நிலையில் இருந்தவர்களை 11 வருடம் பின்தொடர்ந்த ஆய்வில், புகைப்பதை விடாத ஆண்கள் ஒரு செக்கனில் ஊதக்கூடிய காற்றில் வருடத்துக்கு 66 மில்லிலீற்றர் வீதம் இழந்தார்கள். விட்டவர்கள் இழந்தது 30. அது வயதால் எவருக்கும் வருகிற இழப்புக்குக் கிட்ட.

ஆகவே மாடிப்படி வேண்டாம், கிணற்றில் நாலு வாளி அள்ளவே இளைக்கிறது என்றால், அது வயது என்று விட்டுவிடாதீர்கள். இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் சளியைக் காசநோய்க்கும் சோதியுங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு தேவையில்லை. குழாயில் ஊதிப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். வைத்தியர் கேட்கும்போது, எத்தனை வருடம், நாளைக்கு எத்தனை பத்தினது என்பதை மனுசிக்கு முன்னால் என்றாலும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.