காசு கொடுத்து வாங்கியவருக்குத் திணறும் கேம்

2011 மே மாதம் 'தி விட்சர் 2' என்ற கணினி விளையாட்டு வெளியானது. போலந்தின் சிடி புரொஜெக்ட் ரெட் நிறுவனத்தின் தயாரிப்பு. கடையில் டிவிடியாக விற்ற பிரதியில் 'செக்யூராம்' என்ற நகல் பாதுகாப்பு இருந்தது. அதே குழுமத்தின் ஜிஓஜி இணையக் கடையில் விற்ற பிரதியில் அது இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் 1.1 பேட்ச் வந்து, எல்லாப் பிரதிகளிலும் பூட்டைக் கழற்றிவிட்டது. கணினியைப் பொறுத்து 5 முதல் 30 சதவீதம் வரை வேகம் கூடும், பூட்டு இருந்த பிரதிகளுக்கு மட்டுமே இது பொருந்தும் என்று பேட்ச் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். தயாரித்தவர்களே கொடுத்த கணக்கு என்பதால், பூட்டுக்கும் வேகத்துக்கும் தொடர்பில்லை என்று இனி யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது.

பூட்டு எப்படி வேகத்தைத் தின்கிறது? 1990களின் இறுதியில் பரவிய 'சேஃப்டிஸ்க்'கைப் பார்ப்போம். சிடியின் ஒரு பகுதியில் படிக்கவே முடியாத செக்டார்களை வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். சாதாரணமாக எடுக்கும் நகலில் அந்தப் பழுது அப்படியே வராது. கேமைத் திறந்ததும் பழுது இருக்கிறதா என்று பாதுகாப்பு நிரல் தேடும். டிரைவ் படிக்கப் பார்த்துத் தோற்கும், மறுபடி முயலும், கரகரவென்று சத்தம் போடும். அதன்பிறகுதான் பூட்டிய நிரல் நினைவகத்தில் அவிழும். எரிச்சல்தான், ஆனால் தொடக்கத்தில் ஒருமுறையோடு போய்விடும்.

தொல்லை தருவது அடுத்த உத்தி. கேம் விண்டோஸிடம் உதவி கேட்டு அனுப்பும் அழைப்புகளில் சிலவற்றைப் பாதுகாப்பு நிரல் தன் வழியாகத் திருப்பிவிடும். பூட்டை உடைக்க வருபவர் அதை மட்டும் பிய்த்தெடுக்க முடியாதபடி செய்யும் ஏற்பாடு இது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. காட்சியை வரையும் வேலைக்கு நடுவே அப்படியொரு அழைப்பு நூற்றுக்கணக்கான தடவை சுற்றிப்போனால், அந்தக் கால பிராசஸருக்கு மூச்சு வாங்கும். மெனுவில் மட்டும் வரும் அழைப்பு என்றால் யாருக்கும் தெரியாது. ஆக, பூட்டின் பெயரைவிட அதைப் பொருத்திய இடம்தான் முக்கியம்.

2021இல் கேப்காமின் 'ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்' இதைக் கண்ணுக்கு நேரே காட்டியது. எதிரியைச் சுடும்போது கணினிப் பதிப்பில் காட்சி சட்டென நின்று நின்று ஓடியது. பாதுகாப்பு நீக்கப்பட்ட திருட்டுப் பிரதியில் அந்தத் திணறல் இல்லை. கேம்களின் தொழில்நுட்பத்தை ஆராயும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி சோதித்துப் பார்த்து இதை உறுதிசெய்தது. ஜூலையில் கேப்காம் வெளியிட்ட பேட்ச், திருட்டுத் தடுப்புத் தொழில்நுட்பத்தைச் சீராக்கியதாகச் சொன்னது. காசு கொடுத்தவர் தடுமாற, கொடுக்காதவர் சுகமாக விளையாடியது பெரிய அநியாயம்.

பழைய கேம் மெதுவாக ஓடினாலே பூட்டின் மேல் பழி போட்டுவிடவும் கூடாது. கிராபிக்ஸ் டிரைவர் ஒத்துப்போகாமல் இருக்கலாம், கேமே சரியாக எழுதப்படாமல் இருக்கலாம். ஒரே பதிப்பைப் பூட்டோடும் பூட்டில்லாமலும் ஒரே கணினியில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

புது கணினி வாங்கினால் தீர்ந்துவிடுமா? சேஃப்டிஸ்க் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசமானது. அது நம்பியிருந்த secdrv.sys என்ற டிரைவர் கோப்பில் பாதுகாப்பு ஓட்டை இருப்பது 2007இல் வெளிப்பட்டது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அந்த டிரைவரை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கியது. அந்த டிரைவரை எதிர்பார்க்கும் அசல் சிடி கையில் இருந்தும் கேம் திறக்காது.

அப்படிப்பட்ட சிடி வைத்திருப்பவர்கள், வெளியீட்டாளரின் கடைசிப் பேட்ச் குறிப்பில் சிடி சோதனை நீக்கப்பட்டதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஜிஓஜி போன்ற கடைகளில் பூட்டில்லாத பதிப்பு கிடைக்கிறதா என்று தேடலாம். விற்பனை ஓய்ந்த கேம்களுக்குப் பூட்டை நீக்கும் பேட்சைத் தாங்களாகவே தருவது வெளியீட்டாளர்களின் கடமை. விட்சர் 2 அதை ஒரே மாதத்துக்குள் செய்து காட்டியது.