புது வண்டிக்குப் பழைய முகம்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால், இராசபாளையத்திலிருந்து புளியங்குடி வழியாகத் தென்காசிக்குச் செல்லும் சாலையில் மோட்டார் சைக்கிள்கள் அணியணியாகச் செல்வதைக் காணலாம். அவற்றுள் சில, நம் தந்தையர் காலத்து வண்டிகளைப் போலவே தோன்றும். வட்டமான முன்விளக்கு, நீண்டு திரண்ட பெட்ரோல் தொட்டி, இரு பக்கமும் மின்னும் புகைக்குழாய்கள். பழைய வண்டியைப் புதுப்பித்து ஓட்டுகிறார்கள் போலும் என்று எண்ணிவிடுவோம். உண்மையில் அவை அண்மையில் செய்யப்பட்டவை.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் அத்தகைய வண்டி ஒன்றை வாங்க விரும்பி யோசனை கேட்க வந்தார். ராயல் என்பீல்டு நிறுவனத்தாரின் கான்டினென்டல் ஜிடி 650 என்பது அதன் பெயர். பந்தய வண்டியின் சாயலில் அமைந்தது. 2023ஆம் ஆண்டு மாதிரியில் கம்பிச் சக்கரத்தோடு வார்ப்புச் சக்கரமும் வந்துள்ளது. இரண்டில் எதை வாங்குவது என்பதே அவருடைய கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு விடை சொல்ல, வண்டியில் எது பழமை, எது பழமையின் தோற்றம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்பீல்டு நிறுவனத்தாரும் கூடி என்பீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கினர். திருவொற்றியூரில் புல்லட் உருவாயிற்று. 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றுவிட்டது, இங்கே நிற்கவில்லை. 1977இல் சென்னையில் செய்த வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று. பிறந்த வீட்டுக்கே சீர் கொண்டு சென்றதைப் போன்ற செய்தி அது. அக்காலத்தில் புல்லட் பழைய உருவத்தில் இருந்ததற்கு யாரும் பழமையை விரும்பியது காரணமன்று. உருவம் மாற்றப்படவே இல்லை, அவ்வளவுதான். இன்றோ, எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, உருவத்தை மட்டும் வேண்டுமென்றே பின்னோக்கி அமைக்கிறார்கள்.

கான்டினென்டல் ஜிடி என்ற பெயரும் அவ்வாறே திரும்பி வந்தது. 1960களின் நடுவில் இங்கிலாந்தில் 250 சிசி வண்டி ஒன்று அப்பெயருடன் விற்பனைக்கு வந்தது. லண்டனில் ஏஸ் கபே போன்ற சாலையோரக் காப்பிக் கடைகளில் கூடி, ஒருவரை ஒருவர் முந்திப் பாய்ந்த இளைஞர்களை மனத்தில் வைத்துச் செய்த வண்டி அது. தாழ்ந்த கைப்பிடி, பின்தள்ளிய கால் மிதி, காற்றைக் கிழிக்கக் குனிந்த இருக்கை ஆகியவை அவர்கள் வகுத்த பாணி. 2013இல் 535 சிசி அளவிலும், 2018இல் 648 சிசி அளவில் இரட்டைச் சிலிண்டருடனும் அப்பெயர் மீண்டும் வந்தது.

அதன் ஓசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து எலுமிச்சைத் தோட்டக் கிணறுகளில் ஆயில் எஞ்சின் ஓடிய காலத்தை அறிந்தவர்களுக்கு ஒற்றைச் சிலிண்டரின் ‘டக், டக்’ என்ற நடை நினைவிருக்கும். நான்கு வீச்சு எஞ்சினில் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால், அதாவது 720 பாகை திரும்பினால், ஒரு சிலிண்டரில் ஒரு முறை எரிபொருள் வெடிக்கும். இரண்டு சிலிண்டர் இருந்தால் 360 பாகைக்கு ஒன்றாகச் சமமாக வெடிக்கச் செய்யலாம். பழைய ஆங்கில இரட்டை எஞ்சின்கள் பல அப்படித்தான். இந்த வண்டியிலோ ஒரு வெடிப்புக்கும் அடுத்ததற்கும் 270 பாகை, அதற்கு அடுத்ததற்கு 450 பாகை. தாளம் சற்றே நொண்டும். காதுக்கு அது பழமைபோல் படுகிறதே அன்றி, அமைப்பு புதியது.

எஞ்சினைச் சுற்றியுள்ள இரும்பு மடிப்புகள் போலத் தெரியும் அலுமினியத் தகடுகள் வெறும் அலங்காரம் அல்ல. காற்றுப் படும் பரப்பை விரித்து வெப்பத்தைப் போக்கும் வேலையை அவை மெய்யாகவே செய்கின்றன. எண்ணெயைக் குளிர்விக்கும் கருவி துணை நிற்கிறது. கார்புரேட்டர் இருந்த இடத்தில், கணக்கறிந்து எரிபொருளைப் பீச்சும் மின்னணு அமைப்பு இருக்கிறது. இரு சக்கரங்களிலும் தட்டுப் பிரேக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பும் உண்டு. சக்கரத்தின் சுழற்சியை ஓர் உணர்கருவி இடைவிடாமல் அளக்கிறது. சக்கரம் திடீரென நிற்கப் போகிறது என்றால் பிரேக்கின் அழுத்தத்தைத் தளர்த்தித் தளர்த்திப் பிடிக்கிறது. சாரல் நனைத்த சாலையில் முன்சக்கரம் பூட்டிக்கொண்டால், கால் ஊன்றுவதற்கு முன் வண்டி சாய்ந்துவிடும் அல்லவா?

இனிச் சக்கரம். கம்பிகளின் முனைகள் வட்டையைத் துளைத்துச் செல்வதால் இவ்வண்டியின் கம்பிச் சக்கரத்தில் காற்றைப் பிடிக்க உள்ளே ட்யூப் வேண்டும். ஆணி ஏறிக் கிழித்தால் ட்யூபிலுள்ள காற்று நொடியில் போய்விடும். சக்கரத்தைக் கழற்றாமல் ஒட்டவும் முடியாது. வார்ப்புச் சக்கரத்துக்கு ட்யூப் இல்லாத டயர். ஆணி குத்தினாலும், குத்திய ஆணியையே டயர் இறுகப் பற்றிக்கொள்ளும். காற்று பெரும்பாலும் மெல்லக் கசியும். வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும்.

இதை ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் வாசுதேவநல்லூர் செல்லும் வழியில், என் பழைய மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் ஆணி ஏறிக் காற்று ஒரே மூச்சில் போயிற்று. கைப்பிடி என் வசத்தில் நிற்கவில்லை. எனக்குச் சிராய்ப்பு; பின்னால் அமர்ந்திருந்த என் மனைவிக்கு வலது மணிக்கட்டு ஒடிந்தது. இன்றும் அந்தக் கையால் அவள் குடம் தூக்குவதில்லை.

மாணவருக்கு இதைச் சொன்னேன். தாழ்ந்த கைப்பிடியில் நெடுந்தூரம் குனிந்து போனால் மணிக்கட்டும் முதுகும் நோகும் என்பதையும் சொன்னேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. “கம்பிச் சக்கரந்தான் சார் அந்த வண்டிக்கு அழகு” என்றார். நான் மறுக்கவில்லை, அழகுதான். அடுத்த வாரம் வார்ப்புச் சக்கர வண்டிக்கே பணம் கட்டிவிட்டு வந்தார். தலைக்கவசம் இரண்டாக வாங்கும்படி சொல்லி அனுப்பினேன்.