கடையில் கிடைக்காத நீலம்

பெப்பர்மின்ட் மிட்டாய் வந்த தகர டப்பா இது. மூடியைத் திறக்கிறேன், பாருங்கள்! உள்ளே வரிசையாகக் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் தொட்டிகள். ஓவியர்கள் ‘ஹாஃப் பேன்’ என்பார்கள். ஒவ்வொன்றிலும் உலர்ந்து இறுகிய வாட்டர்கலர். மழை கொட்டுவதற்கு முன் திரளும் சாம்பல் நீலத்துக்கு ஒன்று. வேம்பு துளிர்க்கிறபோது பச்சையாவதற்குள் மின்னி மறையும் செம்புக் கொழுந்துக்கு ஒன்று. காய்ந்த வாழைச் சருகுக்கு ஒன்று. மழையில் ஊறிய சுவரின் பாசிக்கு ஒன்று. இதில் ஒன்றைக்கூட எந்தக் கடையிலும் கேட்டு வாங்க முடியாது. எல்லாம் வீட்டிலேயே கலந்தவை! எப்படி என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக்கொண்டே இருந்தேன். வாங்க, பின்கட்டுக்குப் போவோம்.

எளிய வழியில் தொடங்குகிறேன். தூளும் வேண்டாம், அரைப்பும் வேண்டாம். இரண்டு டியூப் வாட்டர்கலர், ஒரு காலித் தொட்டி, ஒரு பல்குச்சி. டியூபிலிருந்து தொட்டிக்குள் நேராகப் பிதுக்கி, பல்குச்சியால் நன்றாகக் கிண்டி, தூசி படாத இடத்தில் உலரவிட வேண்டும். இவ்வளவுதானா என்றால், இவ்வளவுதான்! எந்த இரண்டு டியூப் என்பதில்தான் வேடிக்கை முழுக்க இருக்கிறது.

நல்ல டியூபின் முதுகில் பொடி எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும்: பி.பி. 29, பி.ஒய். 43 என்று. உள்ளே இருக்கும் நிறமி எது என்று சொல்வது அதுதான். முன்பக்கத்துப் பெயரைக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். குறியீடு உலகம் முழுக்க ஒன்றே. பி.பி. 29 என்றால் அல்ட்ராமரைன் நீலம். பி.ஒய். 43 மஞ்சள் காவி. பி.ஜி. 7 தாலோ பச்சை. ஒரு டியூபில் ஒரே ஒரு குறியீடு இருந்தால் அது கலப்பதற்கென்றே பிறந்த டியூப். மூன்று இருந்தால் கம்பெனிக்காரர்கள் ஏற்கெனவே கலந்துவிட்டார்கள். அதன்மேல் நீங்களும் கலந்தால் நிறம் சேறாகும். பன்னிரண்டு சுமாரான டியூபைவிட ஒற்றை நிறமி டியூப் ஐந்து வாங்குங்கள் என்று அடித்துச் சொல்வேன்.

இப்போது என்னைப் பித்தாக்கிய கலவை. அல்ட்ராமரைன் நீலம் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா எனும் செம்பழுப்பு ஒரு பங்கு. நீலமும் ஆரஞ்சுச் சாயலுள்ள பழுப்பும் ஒன்றையொன்று அணைத்துச் சாம்பலாகும். கறுப்பு டியூபிலிருந்து எடுத்த சாம்பலைப் பக்கத்தில் தீற்றிப் பாருங்கள், அது செத்துக் கிடக்கும். இது உயிரோடு இருக்கும்! காரணம் இருக்கிறது. அல்ட்ராமரைன் துகள்கள் தண்ணீரில் ஒன்றோடொன்று கூடி, சொரசொரப்பான காகிதத்தின் பள்ளங்களில் போய்ப் படியும். பழுப்பு அதன் போக்கில் வேறு இடத்தில் தங்கும். தீற்றல் காயக் காய நம் கண்ணெதிரே சாம்பலுக்குள்ளிருந்து நீலப் புள்ளிகள் எழும். ஓரத்தில் மெல்லிய துருச் சிவப்பு ஒதுங்கும். ஒரே பிரஷ் வீச்சு, மூன்று நிறம்! மழை மேகத்தின் அடிவயிற்றை வரைய இதைவிட என்ன வேண்டும்?

நீலத்தைக் கொஞ்சம் கூட்டினால் மாலை மலை. பழுப்பைக் கூட்டினால் ஈரமான மரப்பட்டை. அந்த இரண்டு டியூபிலேயே நான்கைந்து தொட்டிகளை நிரப்பிவிடலாம்.

தாலோ வகை நீலம், பச்சை இரண்டிடமும் கொஞ்சம் கவனம். அவை முரட்டு நிறமிகள். பல்குச்சியின் முனையில் எடுத்தால் போதும், மற்றதை எல்லாம் விழுங்கிவிடும். எப்போதும் மெலிந்த நிறத்தை முதலில் வைத்து, அதில் முரட்டு நிறத்தைச் சிறுகச் சிறுகச் சேர்க்க வேண்டும். சேர்க்கச் சேர்க்க நோட்டில் பங்கை எழுதி, பக்கத்திலேயே ஒரு தீற்றலும் போட்டுவிட வேண்டும். தட்டிலேயே அவ்வப்போது கலந்துகொள்ளலாமே, தொட்டியில் ஏன் அடைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய வானம் ஒன்றைத் தீட்டும்போது பாதியில் கலவை தீர்ந்துபோனால், இரண்டாவது கலவை முதலாவதோடு ஒட்டவே ஒட்டாது. தொட்டியில் இருந்தால் அதே நிறம் மறுபடி மறுபடி கிடைக்கும். அடுத்த மாதமும் கிடைக்கும்!

நாம் பெயர் சொல்லிக் கடையில் வாங்கும் வண்ணங்களில் சில, யாரோ ஒருவர் தன் வேலைக்காகக் கலந்துகொண்டவை. இதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பெயின்ஸ் கிரே என்ற நீலச் சாம்பல் இருக்கிறதே, அது வில்லியம் பெயின் என்ற ஆங்கில ஓவியருடையது. 1760இல் பிறந்து 1830இல் மறைந்தவர். லண்டனில் வாட்டர்கலர் சொல்லிக்கொடுத்தவர். வெறும் கறுப்பு அவருக்குக் கடுமையாகத் தெரிந்தது. பிரஷ்யன் நீலம், மஞ்சள் காவி, கிரிம்சன் சிவப்பு மூன்றையும் சேர்த்துத் தனக்கென்று ஒரு நிழல் நிறம் செய்துகொண்டார் என்பார்கள். இன்று அந்தப் பெயரில் வரும் டியூப்களில் பல, நீலமும் கறுப்பும் கலந்தவை. கலவை மாறிவிட்டது, அவர் பெயர் மட்டும் நிற்கிறது.

ஹூக்கர்ஸ் கிரீன் கதை இன்னும் இனிக்கும். வில்லியம் ஹூக்கர், 1779இல் பிறந்து 1832இல் மறைந்தவர், லண்டன் தோட்டக்கலைச் சங்கத்துக்காகப் பழங்களை வரைந்த ஓவியர். (கியூ தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹூக்கர் வேறொருவர்.) ஆப்பிளும் பேரிக்காயும் வரைந்து தள்ளியவருக்கு இலைக்கு ஏற்ற பச்சை தினம் தினம் வேண்டியிருந்தது. பிரஷ்யன் நீலத்தோடு கம்போஜ் என்ற மரப்பிசின் மஞ்சளைக் கலந்தார். ஒரு மனிதர் இலை வரையக் கலந்த பச்சை, இருநூறு ஆண்டுக்குப் பிறகு இன்றும் டப்பாக்களில் உட்கார்ந்திருக்கிறது! நம் ஊர் முருங்கை இலைக்கும் ஒரு பச்சை வேண்டாமா? தாலோ பச்சையில் மஞ்சள் காவியைத் தாராளமாகவும் பர்ன்ட் சியன்னாவைத் துளியளவும் சேர்த்துப் பாருங்கள். ஹூக்கருக்குக் கிடைக்காத பச்சை அது.

சரி, இன்னும் உள்ளே போவோம். டியூபே இல்லாமல், வெறும் தூளிலிருந்து வண்ணம் செய்யும் இடம். எனக்கு மூச்சு முட்டுகிற இடம்!

வாட்டர்கலர் என்பது நிறமித் தூளும் அதைக் காகிதத்தில் பிடித்துவைக்கும் பிசினும்தான். அந்தப் பிசின் கம் அராபிக். சூடான் வறண்ட நிலத்து வேல மரத்திலிருந்து உலகத்துக்கு வருவது. நம் கருவேலம் பிசினுக்குச் சொந்தக்காரன். ஒரு பங்கு பிசின் தூளை இரண்டு பங்கு வெந்நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டு, மல் துணியில் வடிகட்டினால் தெளிந்த தேன் நிறத் திரவம் கிடைக்கும். அதில் பிசினில் கால் பங்கு தேன், சில சொட்டு கிளிசரின், பூஞ்சை வராமலிருக்க ஒரு சொட்டு கிராம்பு எண்ணெய். தேன் எதற்கு? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும். காய்ந்த வண்ணம் பிரஷ் பட்டதும் உடனே கரையும். சென்னை மாதிரிக் கடலோரப் புழுக்கத்தில் தேனைக் குறையுங்கள், இல்லாவிட்டால் தொட்டி பிசுபிசுத்தே கிடக்கும். கோவை, மதுரை வெயிலில் கொஞ்சம் கூட்டலாம்.

அடுத்து அரைப்பு. கண்ணாடிப் பலகைமேல் தூளைக் குவித்து, நடுவில் குழி பறித்து, பிசின் நீரை ஊற்றி, கத்தியால் குழைத்த பிறகு மல்லரை எடுக்க வேண்டும். அடி தட்டையான கண்ணாடிக் குழவி என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டமாகவும் எட்டு போட்டும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். தொடக்கத்தில் நறநறவென்று கேட்கும். ஒவ்வொரு துகளையும் பிசின் தனித்தனியாகச் சூழச் சூழ அந்தச் சத்தம் மெலிந்து, மல்லர் வழுக்க ஆரம்பிக்கும். நிறமும் சட்டென்று ஆழமாகும். அந்த நொடி வந்ததும் நான் வீட்டில் இருக்கிற எல்லோரையும் கூப்பிட்டுவிடுவேன்! அரை மணி நேரம் கை வலிக்கும், உண்மைதான். பரவாயில்லை.

காய்ந்த பிறகு விரலால் தேய்த்துப் பாருங்கள். பொடியாக ஒட்டினால் பிசின் போதவில்லை. பளபளத்து வெடித்தால் பிசின் அதிகம். தொட்டியை ஒரே மூச்சில் நிரப்ப வேண்டாம். தண்ணீர் போகப் போக நடுவில் குழி விழும். மூன்று தடவையாக, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்ததை ஊற்ற வேண்டும். ஃபேன் காற்றில் வைத்தால் விரிசல் விடும்.

தூள் எங்கே கிடைக்கும்? நாட்டு மருந்துக் கடையில் காவிக்கல். கோலத்துக்குக் கரை கட்டும் செம்மண். தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டில் கிடக்கிற சிவப்பு மணலும்கூட. மணல் துகள்மேல் படிந்த இரும்பு ஆக்சைடுதான் அந்தச் சிவப்பு. மண்ணை வாளித் தண்ணீரில் கலக்கி, ஒரு நிமிடம் விட்டால் பருமணல் கீழே இறங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஒரு நாள் வைத்தால், அடியில் பட்டுப்போல் படியும் மண்தான் நமக்கு வேண்டிய நிறமி. சித்தன்னவாசலின் சிவப்பும் மஞ்சளும் இதே காவிக் குடும்பம்.

இப்போது ஒரு வித்தை காட்டட்டுமா? மஞ்சள் காவியைப் பழைய இரும்புச் சட்டியில் போட்டு வறுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்தச் சட்டி இனிமேல் சமையலுக்கு வேண்டாம். மஞ்சள் காவியின் படிகத்துக்குள் தண்ணீர் கட்டுண்டு கிடக்கிறது. 300 டிகிரி சூட்டை நெருங்கும்போது அது வெளியேற, அதே மண் சிவப்பாகிவிடும்! சட்டியில் இருக்கும்போது கருத்துத் தெரியும், ஆறினால் நிறம் எழும். வறுத்துக்கொண்டே இருக்கும்போது இடையிடையே ஒரு கரண்டி எடுத்துத் தனியே வைத்தால், மஞ்சள், வெளிர் ஆரஞ்சு, செங்கல், ரத்தச் சிவப்பு என்று ஒரே மண்ணின் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். இவற்றை ஒன்றோடொன்று எப்படிக் கலந்தாலும் சண்டையே வராது.

கறுப்புக்கு விளக்கு போதும். ஆமணக்கு எண்ணெய் விளக்குமேல் தட்டைக் கவிழ்த்து மை எடுப்பார்களே, அதே கரிதான். தண்ணீரில் நனைய மறுத்து மிதக்கும். ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டால் இணங்கிவிடும்.

நீலத்துக்கு ஒரு நீண்ட வரலாறு. அல்ட்ராமரைன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் கல்லிலிருந்து வந்தது. தங்கத்தோடு போட்டி போட்ட விலை. அதைச் செயற்கையாகச் செய்து காட்டுபவருக்கு 6000 பிராங்க் பரிசு என்று பிரெஞ்சுச் சங்கம் ஒன்று 1824இல் அறிவித்தது. ஜான் பாப்டிஸ்ட் கிமே 1828இல் பரிசைத் தட்டிச் சென்றார். அதன் பிறகு அந்த ராஜ நீலம் எவ்வளவு மலிந்தது என்றால், பாட்டிமார் வெள்ளை வேட்டிக்குப் போட்ட தூள் நீலமே அல்ட்ராமரைன்தான்!

தூளோடு விளையாடும்போது முகக்கவசம் கட்டாயம். காட்மியம், கோபால்ட் நிறமிகளைத் தூளாக வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அவை வேண்டுமென்றால் டியூபாக வாங்குவதே நல்லது. சிந்தியதைப் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும்.

கடைசியாக வெயில் சோதனை. எந்தக் கலவையானாலும் ஒரு பட்டை தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டிவிடுங்கள். மஞ்சள் தூளில் செய்த வண்ணம் முதல் நாள் கண்ணைப் பறிக்கும். சில நாளிலேயே வெளுத்துப் போகும். சங்குப்பூ நீலத்தில் எலுமிச்சை பட்டால் ஊதாவாகும், குழந்தைகள் குதிப்பார்கள். ஆனால் அதுவும் வெயிலுக்குத் தாங்காது. காவி அசையவே அசையாது. வாழ்த்து அட்டைக்கு மஞ்சளும் சங்குப்பூவும் தாராளமாகப் போதும். சுவரில் மாட்டும் படத்துக்கு மண்ணையும் கரியையும் நம்புங்கள்.

இப்போது என் மேசைமேல் திண்டிவனம் பக்கத்து அவுரிச் சாயக் கட்டி ஒன்று காத்திருக்கிறது. உடைத்தால் உள்ளே கருநீலம். நகத்தால் தேய்த்தால் செம்பு மினுக்கம்! வறுத்த காவியோடு சேர்ந்தால் அந்தி வானத்து ஊதா வருமா, மஞ்சள் காவியோடு சேர்ந்தால் பனை ஓலைப் பச்சை வருமா, தெரிந்தாக வேண்டும். பிசினை இன்று இரவே ஊறப்போட்டுவிடுகிறேன், விடிந்ததும் அரைக்கலாம்.