ஊர்ப்பணம் – 9: கூரைக்குச் சேர்ந்தது, ஆணிக்குச் சேரவில்லை

போன வாரம் பேராவூரணிப் பக்கம் மொய் விருந்தில் இலை போட்டு உட்கார்ந்தோம். இந்த வாரம் கடல் தாண்டி கென்யாவுக்குப் போகிறோம். ஆள் புதுசு, பாஷை புதுசு. பந்தலும் மைக் செட்டும் அதேதான்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே கூடியிருக்கும். மேடையில் அமைச்சரோ எம்.பி.யோ ஒருத்தர். ஒருவர் நோட்டைப் பிரித்து, இன்னார் இவ்வளவு ஷில்லிங் என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். காசில்லாதவர் கோழி கொண்டுவந்தால் அங்கேயே ஏலம். சந்தையில் யாரும் சீந்தாத கோழி அன்றைக்கு ஆட்டு விலைக்குப் போகும். விழுப்புரம் பக்கத்துக் கோயிலில் எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிறவர்களைப் பார்த்த நமக்கு இதில் வியப்பு ஏது? மொய்க்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இங்கே வைத்த பணம் திரும்பி வராது. பள்ளிக்கூடமாகவோ ஆஸ்பத்திரியாகவோ தொழிற்பயிற்சிக் கூடமாகவோ நிற்கும்.

இதற்கு ஹராம்பே என்று பெயர். பாரம் இழுக்கிறவர்கள் சேர்ந்து போடும் குரல் அது, நம்முடைய ஐலசா. ரயில் பாதை போட வந்த இந்தியத் தொழிலாளர்கள் அம்பே மாதாவைக் கூவி அழைத்ததிலிருந்து வந்த சொல் என்று ஒரு கதையும் உண்டு. மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை அந்தப் பாதையைப் போட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள் என்பது வரலாறு. அம்பே கதைக்கு நான் ஜாமீன் தரமாட்டேன். 1963-இல் விடுதலை வந்தபோது ஜோமோ கென்யாட்டா அந்தக் கூவலையே நாட்டின் முழக்கமாக்கினார். அரசு முத்திரையிலும் அதுதான் இருக்கிறது.

முதலில் ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். கொஞ்ச காலத்தில் ஹராம்பே உயர்நிலைப் பள்ளிகள் அரசுப் பள்ளிகளையே எண்ணிக்கையில் தாண்டிவிட்டன. ஆனால் ஏழாம் வகுப்பு முடித்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு மேலே படிக்க இடமில்லை, நகரத்தில் வேலையுமில்லை. 1966-இல் கென்யக் கிறிஸ்தவ மன்றம் ஓர் அறிக்கை போட்டது. ‘பள்ளிக்குப் பிறகு என்ன?’ என்பதுதான் தலைப்பே. அதில் பிறந்ததுதான் கிராம பாலிடெக்னிக்.

பாலிடெக்னிக் என்றதும் நம் ஊர் மூன்று வருட டிப்ளமோவை நினைத்துவிடக் கூடாது. ஒரு கொட்டகை, ரெண்டு மூணு வாத்தியார், தச்சு, கொத்து வேலை, தையல், தகர வேலை. நிலம் ஊருடையது, நிர்வாகம் ஊர்க் கமிட்டி. சுற்றுவட்டாரத்தில் எந்த வேலைக்கு ஆள் தேவையோ அதை மட்டும் சொல்லித்தருவது, சான்றிதழ் பக்கமே போகாமலிருப்பது என்று ஆரம்பித்தார்கள். பெற்றோர் விடவில்லை. ‘என் பையன் கையில் ஒரு காகிதம் வேண்டாமா?’ என்றார்கள். கடைசியில் அரசாங்கத்தின் தொழில் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்வதே முக்கால்வாசி வேலையாகிப்போனது. கொள்கை பேசியவர்களுக்கு இதில் வருத்தம். எனக்குப் பெற்றோர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. கல்யாணத்துக்குப் பெண் கேட்டுப் போகிற இடத்தில், ‘சுற்றுவட்டாரத் தேவைக்கேற்ற பயிற்சி பெற்றவன்’ என்று யார் சொல்லிக்கொள்வது?

பணத்துக்கு வருவோம். சுவர் எழுப்பவும் தகரக் கூரை போடவும் ஹராம்பே கூட்டினால் ஒரே நாளில் சேர்ந்துவிடும். திறப்பு விழா முடிந்த மறுநாள் வாத்தியார் வருவார். அவருக்கு மாதச் சம்பளம். பையன் இழைப்புளி பிடித்துப் பழகப் பலகை வேண்டும். முதல் பத்துப் பலகை வீணாய்த்தான் போகும். வீணாக்காமல் யாருக்கும் தச்சு வந்ததில்லை. ஆணி, பசை, அரம், ரம்பத்துக்குச் சாணை. மாதா மாதம் இதற்கெல்லாம் பந்தல் போட்டு மைக் கட்ட முடியுமா?

இதைச் சொல்லும்போது எங்கள் ஊர் சமுதாயக் கூடம் நினைவுக்கு வருகிறது. சில வருடங்களுக்கு முன் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பயிற்சி என்று வசூல் நடந்தது. ஒரே வாரத்தில் ஆறு மெஷின் வந்து இறங்கியது. ஒவ்வொன்றின் பலகையிலும் உபயதாரர் பெயர் மஞ்சள் பெயின்ட்டில். நான் போய்ப் பார்த்தபோது பிள்ளைகள் நூல் கோக்காத ஊசியால் பழைய செய்தித்தாளில் தைத்துக்கொண்டிருந்தார்கள். பென்சிலால் போட்ட கோட்டின் மேலேயே ஓட்டை விழுகிறதா என்று ஒரு பெண் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கை பழகுகிறவரை எல்லா இடத்திலும் இப்படித்தான் என்று நினைத்தேன். நாலு மாசமாக இப்படித்தான் என்று அப்புறம் தெரிந்தது.

சொல்லிக்கொடுத்த அக்காவிடம் கேட்டேன். “தலைவர்கிட்ட கேட்டுட்டேன் தம்பி. ‘இன்னொரு மெஷின் வேணுமாக்கா, சொல்லுங்க, வாங்கித் தர ஆள் இருக்கு. நூலு, துணிக்கெல்லாம் எப்படி வசூலுக்குப் போறது?’ங்கறாரு” என்றார். நூல்கண்டில் பெயர் எழுத முடியாதே!

கென்யாவில் இந்த ஓட்டையை ரெண்டு விதமாக அடைக்கப் பார்த்தார்கள். 1970களின் தொடக்கத்திலிருந்து அரசாங்கம் வாத்தியார் சம்பளத்துக்கு மானியம் கொடுத்தது. இன்னொரு வழி, பயிற்சியையே ஆர்டராக்குவது. பக்கத்துப் பள்ளிக்கு பெஞ்சு, பிள்ளைகளுக்குச் சீருடை, ஜன்னல் சட்டம் என்று எடுத்துச் செய்தால் பலகைக் காசு அதிலேயே வந்துவிடும். பெஞ்சு ஆடினால் தலைமையாசிரியர் திருப்பி அனுப்புவார். அதைவிடக் கறாரான பரீட்சை எது? இதிலும் ஒரு வம்பு உண்டு. ஆர்டர் குவிந்தால் பையன் வருஷம் முழுக்க பெஞ்சுக்குக் கால்தான் அறுத்துக்கொண்டிருப்பான். கதவு செய்யக் கற்றுக்கொள்ள மாட்டான்.

கற்றவர்களில் எத்தனையோ பேர் நகரத்துக்கு நடையைக் கட்டினார்கள். அங்கே ‘ஜுவா காளி’ என்று ஓர் உலகம். சுடுவெயில் என்று பொருள்; கூரையில்லாமல் வெயிலில் உட்கார்ந்து தொழில் செய்கிறவர்களுக்கு அதுவே பெயராகிவிட்டது. நைரோபியின் கமுகுஞ்சியில் தகரம் தட்டும் சத்தம் காதைப் பிளக்கும். பழைய எண்ணெய் டின் மண்ணெண்ணெய் விளக்காகும், பீப்பாய்த் தகரம் அவர்கள் ஜிக்கோ என்கிற குமுட்டி அடுப்பாகும். 1980களில் உள்ளே சுட்ட மண் பதித்த, கரி குறைவாகத் தின்னும் ஜிக்கோ வந்தது. தாய்லாந்து அடுப்பைப் பார்த்து உருவான அந்த வடிவத்தைச் செய்து பரப்பியதில் இந்தச் சுடுவெயில்காரர்களுக்குப் பெரிய பங்கு. ‘முறைசாராத் துறை’ என்று இன்று பொருளாதார நிபுணர்கள் பேசுகிறார்களே, அந்தச் சொல்லை உலகெங்கும் கொண்டுபோனது 1972-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கென்யாவைப் பற்றி வெளியிட்ட அறிக்கை.

அதே 1970களின் தொடக்கத்தில் இன்னொரு அலை கிளம்பியது. கொட்டகை போதாது, எங்கள் மாவட்டத்துக்குத் தொழில்நுட்பக் கல்லூரியே வேண்டும் என்று ஒவ்வொரு வட்டாரமும் வரிந்துகட்டியது. அவர்களுக்கு வந்தால் எங்களுக்கு ஏன் இல்லை என்கிற போட்டிதான். காபி, தேயிலை விற்ற காசில் பிடித்தம் செய்தும் ஹராம்பே வசூல் நடந்தது. கொடுக்காதவர் வீட்டில் கோழியைப் பிடித்துக்கொண்டு போன உள்ளூர் அதிகாரிகளும் உண்டு. விருப்பத்தோடு தருவது எந்த இடத்தில் வரியாக மாறுகிறது என்று ஊர்ப் பொதுவில் இருந்து பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

1978-இல் குடியரசுத் தலைவரானவர் பெயர் டேனியல் அராப் மோய். தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வரும். ஹராம்பே மேடைகளில் வாரி வழங்குவதில் அவர் காலத்து அரசியல்வாதிகளை மிஞ்ச ஆளில்லை. அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. 2003-இல் வந்த பொது ஊழியர் நெறிமுறைச் சட்டம் பதவியை வைத்து வசூலில் இறங்குவதற்குக் கடிவாளம் போட்டது.

அந்தக் கல்லூரி அலையில் நியேரி மக்கள் கைக்காசு போட்டு, வெள்ளையர் ஆட்சியை எதிர்த்து 1957-இல் தூக்கிலிடப்பட்ட மாவ் மாவ் கிளர்ச்சித் தலைவர் டெடான் கிமாத்தியின் பெயரில் எழுப்பிய தொழில்நுட்ப நிலையம் 2012-இல் பல்கலைக்கழகமானது. மேற்குப் பகுதியில் ககமேகாவில் எழும்பியது 2007-இலேயே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பெருமைதான், மறுக்கவில்லை. ஏழாம் வகுப்போடு நின்ற பையன் மட்டும் அவற்றின் வாசலைத் தாண்ட முடியாது. அவனுக்கு இன்றும் அந்தக் கொட்டகைதான். 2010 அரசியல் சாசனத்தின் நான்காம் அட்டவணையில், மாவட்ட அரசுகளின் பொறுப்புகளில் பால்வாடிக்கு அடுத்தாற்போல் கிராம பாலிடெக்னிக் பெயர் இருக்கிறது. ஆணிக்கும் பலகைக்கும் இப்போது அங்கே போய்த்தான் மனுக் கொடுக்க வேண்டும்.

அடுத்த வாரம்: கோயில் அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து 1982-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கிய கர்நாடகத்து உஜிரே.

(தொடரும்)