மணிக்கட்டு நோவும் கணினிச் சுட்டியும்

பால்வெட்டுக் கத்தி பிடித்த கைக்கும் கணினிச் சுட்டி பிடிக்கும் கைக்கும் தொழிலால் ஒற்றுமை இல்லை, நோவால் உண்டு. நெகிரி செம்பிலானில் ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் முதலிய வட்டாரங்களின் தோட்டங்களில் ஒரு தலைமுறை விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டியது. அத்தலைமுறையின் மக்களும் பேரரும் இன்று சிரம்பானிலும் நீலாயிலும் அலுவலக மேசைகளின் முன் அமர்ந்திருக்கின்றனர். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் ஆசிரியராக இருந்து, வருகைப் பதிவையும் மதிப்பெண் பட்டியலையும் வினாத்தாளையும் கணினியிலேயே செய்து முடிக்கின்றனர். நள்ளிரவில் விரல்கள் மரத்துப்போய் விழித்துக்கொள்வது தாய்க்கும் இருந்தது, மகளுக்கும் இருக்கிறது. தாய் அதனை வேலைக் களைப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டார். மகளோ புதிய சுட்டி ஒன்று வாங்கலாமா என்று எண்ணுகிறார். எத்தகையதை வாங்குவது, எவ்வளவு செலவிடுவது, வாங்கினால் நோவு தீருமா என்பன ஆராயத்தக்க வினாக்களே.

பேச்சில் மௌஸ் என்றும், மலாய் மொழியில் தெத்திகுஸ் என்றும் வழங்கும் இச்சுட்டி, அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆய்வுக் கழகத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் கருத்தில் தோன்றியது. அவருடன் பணிபுரிந்த பில் இங்கிலிஷ் அதனை மரப்பெட்டி ஒன்றில் அமைத்துக் கொடுத்தார். 1968 டிசம்பர் 9இல் அது பொதுமக்கள் முன் காட்டப்பட்டது. ஒருவர் நாள்தோறும் எட்டு மணி நேரம் அதனைப் பிடித்திருப்பார் என்பதை அன்று எத்தனை பேர் எண்ணியிருப்பர்?

நோவின் காரணம் அறிய மணிக்கட்டின் அமைப்பை அறிதல் வேண்டும். உள்ளங்கையின் அடியில் எட்டுச் சிற்றெலும்புகள் வளைந்து ஒரு வாய்க்கால்போல் அமைந்துள்ளன. அதன்மேல் தடித்த இணைப்புநார் ஒன்று கூரைபோல் மூடியிருக்கிறது. இந்தக் குறுகிய குகைக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், நடுநரம்பு என்னும் ஒரே நரம்பும் நெருங்கிச் செல்கின்றன. தசைநாண்களின் உறை வீங்கினாலும், மணிக்கட்டு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ நெடுநேரம் மடிந்திருந்தாலும் குகையினுள் அழுத்தம் ஏறும். தசைநாண் அதனைப் பொறுக்கும், நரம்பு பொறுக்காது. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை மரத்துப்போகும். சுண்டுவிரல் மட்டும் தப்பிவிடும். அதற்குச் செல்வது வேறு நரம்பு. எந்த விரல் மரக்கிறது என்று நோயாளி கருத்தாக நோக்கிச் சொன்னாலே மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இந்நோய்க்குக் கணினி மட்டுமே காரணம் என்று கூறுவது பொருந்தாது. நீரிழிவு, தைராய்டுக் குறை, கருவுற்ற காலம், உடற்பருமன் ஆகியவற்றாலும் இது வரும்; ஆடவரைக் காட்டிலும் மகளிர்க்கு மிகுதி. சுட்டியால் வரும் நோவில் பெரும்பகுதி நரம்பைச் சாராமல் முன்கைத் தசையையும் தசைநாணையும் சார்ந்ததாகவே இருக்கிறது. நீரிழிவு மலிந்த நம் சமுதாயத்தில் சுட்டியின்மேல் பழியைப் போட்டுவிட்டு இரத்தச் சோதனையைத் தவிர்ப்பது பெருந்தவறாகும்.

தோட்டத்து அனுபவம் ஈண்டுப் பெரிதும் பயன்படும். சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக 1888 முதல் 1911 வரை இருந்த ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் ஒரே வெட்டைத் திரும்பத் திரும்பத் திறந்து பாலெடுக்கும் முறையை வகுத்தார். அம்முறையில் ஒரு முறைக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்ப் பட்டையே கழியவேண்டும். ஆழம் சற்று மிகுந்தாலும் பட்டைக்கு அடியிலுள்ள வளர்படை காயப்படும். பட்டை மீண்டும் செவ்வையாக வளராது. ஆகவே பால் வெட்டுதல் வன்மையைக் காட்டிலும் நுண்மையை வேண்டுவது. ஒரே அசைவை ஒரு காலைக்குள் 400, 500 மரங்களில், அளவு தவறாமல் செய்வதே அவ்வேலை. அளவு தவறாதிருக்க வேண்டுமானால் கை இறுகிப் பிடிக்கிறது. இறுகிப் பிடித்த கை களைக்கிறது. திரையில் ஒரு சிறு கட்டத்தைக் குறிவைத்துச் சுட்டியை நிறுத்தும் கையும் அதையே செய்கிறது. முன்னதில் மரம் நின்றிருக்க மனிதர் நடந்தார். கால், தோள், முதுகு யாவும் வேலையைப் பகிர்ந்துகொண்டன. பின்னதில் மற்ற உறுப்புகள் எல்லாம் ஓய்ந்திருக்க, மணிக்கட்டும் இரண்டு விரலுமே உழைக்கின்றன.

மழுங்கிய கத்தி மணிக்கட்டைத் தின்னும் என்பதைப் பால்வெட்டுக்காரர் எவரும் நூல் படித்து அறியவில்லை. அதனாலேயே தத்தம் கத்தியைத் தாமே தீட்டிவைத்தனர். சுட்டியிலும் தீட்டுதல் என்று ஒன்று உண்டு. கணினியின் அமைப்புப் பகுதியில் சுட்டுமுள்ளின் வேகத்தைக் கூட்டிவிட்டால், திரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போகக் கை நகரவேண்டிய தொலைவு குறைகிறது. அளவுக்கு மீறிக் கூட்டினாலோ முள் துள்ளும். அதனை அடக்கக் கை மறுபடியும் இறுகும். இரண்டுக்கும் இடைப்பட்ட வேகத்தை ஒவ்வொருவரும் சில நாள் பழகியே கண்டுகொள்ள வேண்டும். இதற்கு ஒரு காசும் செலவில்லை. புதுச்சுட்டி வாங்குமுன் இதனைச் செய்து பாராதவர் பலர்.

செலவில்லாத மருந்து இன்னொன்றும் உண்டு. 1999இல் கியர், பாக், ரெம்பெல் ஆகிய மூவர் சுட்டி பிடிப்போரின் மணிக்கட்டுக் குகைக்குள் அழுத்தத்தை அளந்து வெளியிட்டனர். பொத்தானை அழுத்தியவாறே ஒன்றை இழுத்துச் செல்லும்போது அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 30 மில்லிமீட்டரை எட்டியது. நரம்பின் இயக்கத்தைக் குலைக்கத் தொடங்கும் அளவு அதுவே. கை சுட்டியின்மேல் சும்மா இருந்தபோது அழுத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஆசிரியர் ஒருவர் பாடக்குறிப்பில் ஒரு பத்தியைத் தேர்ந்தெடுக்கச் சுட்டியை இழுத்துக்கொண்டே போவதைவிட, ஷிப்ட் விசையை அழுத்தி அம்புக்குறி விசைகளால் தேர்ந்தெடுத்தல் நலம். படியெடுக்கவும் ஒட்டவும் விசைப்பலகையிலேயே வழியிருக்கிறது.

இனி வாங்கும் பொருளைப் பார்க்கலாம். தட்டையான சுட்டியின்மேல் கை கவிழ்ந்திருக்கும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கிடுகின்றன. ஒருவரோடு கைகுலுக்கும் நிலையில் அவை ஏறத்தாழ இணையாக நிற்கும். இந்நிலையில் கையை வைப்பதற்கென்று அமைந்ததே செங்குத்துச் சுட்டி. சுட்டியைச் சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டை ஒடித்துப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர்க்கு இது பெரிதும் உதவுகிறது. ஆயினும் விளம்பரங்கள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. மணிக்கட்டு நரம்பு நோய் உடையவரிடம் செய்து 2015இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், செங்குத்துச் சுட்டி மணிக்கட்டின் நிலையைத் திருத்தியதே அன்றிக் குகைக்குள் இருந்த அழுத்தத்தைக் குறைக்கவில்லை. மெத்தை வைத்த பலகைகளும் அவ்வாறே. ஆதலின் செங்குத்துச் சுட்டி முன்கைக் களைப்புக்கு நல்ல துணை. நரம்பு நோய்க்கு மருந்து என்று நம்பி வாங்குதல் தகாது.

மற்றொரு வகை உருண்டைச் சுட்டி. அதில் கருவி மேசையில் அசையாதிருக்கும். மேலுள்ள உருண்டையை மட்டும் விரலால் உருட்ட வேண்டும். தமிழறிந்தோர்க்கு இது புதிதன்று. ஓலையில் எழுதியவர், வலக்கையில் எழுத்தாணியைப் பிடித்து, இடக்கைக் கட்டைவிரலால் அதற்கு முட்டுக்கொடுத்து, ஓலையையே நகர்த்தி எழுதினர். கை ஓடவில்லை, ஓலை ஓடியது. கை ஓடாமல் பொருள் ஓடும் அந்த முறையே உருண்டைச் சுட்டியிலும் இருக்கிறது. மேசை குறுகிய இடத்தில் இது மிகவும் வசதி. ஆனால் உருண்டையைக் கட்டைவிரல் உருட்டும்படி அமைந்ததும் உண்டு, மற்ற விரல்கள் உருட்டும்படி அமைந்ததும் உண்டு. கட்டைவிரலின் அடியில் முன்னமே வலி உள்ளவர் முதல் வகையைத் தவிர்க்க வேண்டும். கைப்பேசியில் ஓயாமல் தட்டுவோர் பலருக்கு அவ்வலி இருக்கிறது.

வடிவத்தை விட முதன்மையானது அளவு. மணிக்கட்டு வரையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளந்து பார்த்தால் 19 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கைக்குப் பெரிய சுட்டியும், அதனினும் குறைந்த கைக்குச் சிறியதும் பொருந்தும். கடையில் கிடைக்கும் செங்குத்துச் சுட்டிகள் சில நம் மகளிர் கைக்குப் பெரியவை. பெரிய சுட்டியில் விரல் பொத்தானை எட்டிப்பிடிக்க வேண்டியிருப்பதால், நோவு நீக்க வாங்கியதே நோவைக் கூட்டும். பொத்தான் மெல்லத் தொட்டாலே இயங்குகிறதா, அழுத்தும்போது சுட்டி பக்கவாட்டில் நகர்கிறதா என்பவற்றையும் கையில் எடுத்துப் பார்த்தே அறியவேண்டும். இணையக் கடையில் வாங்குவோர் திருப்பித் தரும் வசதியைக் கேட்டுக்கொள்வது நன்று.

விலையைப் பொறுத்தவரை, பேர்பெற்ற நிறுவனங்களின் செங்குத்துச் சுட்டிக்கு நூறு இருநூறு வெள்ளியும் அதற்கு மேலும் ஆகும்; பேரில்லாதவை ஐம்பது வெள்ளிக்குள்ளும் கிடைக்கின்றன. விலை மிகுந்ததில் பொத்தான் நெடுநாள் உழைக்கும், அளவுகளும் பலவாகக் கிடைக்கும். மணிக்கட்டு நிற்கும் கோணத்தில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை இல்லை. முதன்முறை வாங்குவோர் மலிவானதில் ஒரு மாதம் பழகி, அவ்வடிவம் ஒத்துவருகிறது என்று கண்டபின் நல்லதற்குச் செலவிடுவதே சிக்கனம். முதல் வாரம் எந்தப் புதுச்சுட்டியும் கையை அலைக்கழிக்கும். அதைக் கண்டு மூலையில் எறிந்துவிடக் கூடாது.

வலக்கை நொந்தால் இடக்கைக்கு மாற்றிக்கொள்ளலாமே என்பர் சிலர். மாற்றலாம், இடவலம் ஒத்த சாதாரணச் சுட்டியில் பொத்தான்களை மாற்றியமைப்பதும் எளிது. தொழில்நோய் பற்றி இத்தாலியில் முதன்முதல் விரிவாக நூல் எழுதிய ரமசினி, 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் எழுத்தர்களின் நோயையும் சேர்த்தார். வலக்கை செயலிழந்த ஒரு பத்திர எழுத்தர் இடக்கையால் எழுதப் பழகியதையும், சிறிது காலத்தில் அக்கையையும் அதே நோய் பற்றியதையும் அதில் குறிக்கிறார். கையை மாற்றியவர் வேலையின் அளவை மாற்றவில்லை. அரை மணிக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு எழுந்து நடப்பது மிகச் சிறந்த சுட்டி செய்யாததையும் செய்யும்.

பள்ளிகளில் மேசையின் உயரமும் கவனிக்கத்தக்கது. மாணவர் மேசையிலோ நூலக அலமாரித் தட்டிலோ கணினியை வைத்துவிட்டு, முழங்கை தொங்க, மணிக்கட்டு மேல்நோக்கி மடிய வேலை செய்வது வழக்கமாகிவிட்டது. முழங்கையும் சுட்டியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். நாற்காலியில் ஒரு தலையணை போட்டாலும் போதும். சுட்டி விசைப்பலகையை ஒட்டியே இருப்பது தோளுக்கு நல்லது.

இவை யாவும் செய்தும் ஆறு வாரத்திற்குமேல் மரமரப்பு நீங்காவிடினும், இரவில் விழிப்பு வந்தாலும், பிடித்த பொருள் கைநழுவினாலும், கட்டைவிரலின் அடிச்சதை மெலிந்தாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. இரவில் மணிக்கட்டை நேராக நிறுத்தும் பட்டை, ஊசி மருந்து, இவற்றுக்கும் அடங்காவிடில் கூரைநாரை அறுத்துவிடும் சிறிய அறுவை எனப் படிப்படியாக மருத்துவம் உண்டு. சதை மெலிந்தபின் வருவோர்க்கு அறுவைக்குப் பின்னும் வலிமை முழுதும் திரும்புவது அரிது. பெர்கேசோவில் பதிந்துள்ள தொழிலாளர், 1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழில்நோய்களுக்கென்று ஓர் அட்டவணை இருப்பதை அறிந்திருத்தல் நலம். செம்பனைக் குலை வெட்டுவோருக்கும் அலுவலகத்தில் சுட்டி பிடிப்போருக்கும் அச்சட்டம் ஒன்றே. மருத்துவரிடம் போகும்போது, எத்தனை ஆண்டு, நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்தக் கையால், என்ன வேலை என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவது பின்னர்க் கோரிக்கைக்கும் உதவும்.