ரோமாபுரி ராஜாவின் முகம் கொங்கு நாட்டுத் தராசில்!

2 ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய "விளம்பரக் காசு" கதை

எடப்பாடி,

பழைய நாலணா அளவுதான் இருக்கும். வெள்ளிக் காசு. எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு பக்கம் இலை மாலை சூடிய ஓர் இளைஞனின் தலை. மறு பக்கம் இரண்டு பையன்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு நடுவே இரண்டு கேடயம், இரண்டு ஈட்டி. சுற்றிலும் பொடிப்பொடியாய் எழுத்து.

எடப்பாடியில் விசைத்தறிச் சத்தம் ஓயாத ஒரு தெருவில், திண்ணையில் உட்கார்ந்தபடி இந்தக் காசை நம் கையில் வைத்தார் ஒரு பெரியவர். சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். 40 ஆண்டாகப் பழங்காசு சேர்த்து வருகிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

"இது அசல் இல்லீங்க தம்பி, நகல். அசலை என் ஆயுசுல ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். பார்த்த அரை மணி நேரத்துல அது உருகிப் போச்சு" என்றார்.

எப்படி உருகியது? அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம். அதற்கு முன்னால், உருகிப் போனது என்ன என்று தெரிய வேண்டும் அல்லவா?

சுவரொட்டி இல்லாத காலம்

ரோமாபுரியை கி.மு. 27 முதல் கி.பி. 14 வரை ஆண்ட சக்கரவர்த்தி அகஸ்டஸ். அவர் காலத்தில் பத்திரிகை கிடையாது, ரேடியோ கிடையாது, சுவரொட்டி அச்சடிக்க மிஷினும் கிடையாது. ராஜ்யமோ கடல் தாண்டிக் கிடக்கிறது. "நான்தான் ராஜா, எனக்குப் பிறகு இவர்கள்தான் ராஜா" என்று மூலை முடுக்கெல்லாம் எப்படிச் சொல்வது?

வழி இருந்தது. காசு! கூலிக்காரன் மடியிலும் சிப்பாய் பையிலும் அது போகும். படிக்கத் தெரியாதவனும் படத்தைப் பார்ப்பான்.

நம் பெரியவர் காட்டிய காசு அந்த ரகம்தான். கி.மு. 2-ம் ஆண்டை ஒட்டி, இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரத்து அக்கசாலையில் இதை அடிக்கத் தொடங்கினார்கள். அப்போது அகஸ்டசுக்கு வயது 60. காசில் இருப்பதோ வாலிபன் முகம்! கிழவராகி 75 வயதைத் தாண்டிச் செத்த வரைக்கும் காசில் அவருக்கு வயதே ஏறவில்லை.

சுற்றியுள்ள எழுத்தில் தம்மை "தெய்வத்தின் மகன்" என்று போட்டுக்கொண்டார். யார் அந்த தெய்வம்? அவரைத் தத்து எடுத்த ஜூலியஸ் சீசர். சீசர் கொலையுண்ட பிறகு ரோமாபுரி சபை அவரைத் தெய்வமாக அறிவித்துவிட்டது. அப்பா தெய்வம் என்றால், பிள்ளையை எவன் எதிர்ப்பான்?

இரண்டு பேரன்கள்

பின்பக்கத்தில் நிற்கும் பையன்கள் அவருடைய மகள் வயிற்றுப் பேரன்கள். பெரியவன் கையஸ், சின்னவன் லூசியஸ். அகஸ்டசுக்கு ஆண் வாரிசு இல்லை. அதனால் இரண்டு பேரையும் தமக்கே பிள்ளைகளாகத் தத்து எடுத்துக்கொண்டார். "அகஸ்டசின் புதல்வர்கள், வருங்காலப் பதவியாளர்கள், இளைஞர்களின் தலைவர்கள்" என்று காசிலும் பொறித்தார். வாரிசு யார் என்பதைத் தேசம் முழுவதற்கும் காசு மூலமாகச் சொல்லியாகிவிட்டது.

ஆனால் விதி வேறு விதமாக இருந்தது. கி.பி. 2-ம் ஆண்டு லூசியஸ் 18 வயதில் இறந்தான். கி.பி. 4-ம் ஆண்டு கையஸ் 23 வயதில் இறந்தான். தாத்தா உயிரோடு இருக்க, பேரன்கள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

வேறு வழியின்றி மனைவியின் முதல் தாரத்து மகன் டைபீரியசை அகஸ்டஸ் தத்து எடுத்தார். கி.பி. 14-ல் டைபீரியஸ் சக்கரவர்த்தி ஆனார். அவர் அடித்த வெள்ளிக் காசில் "தெய்வமான அகஸ்டசின் மகன்" என்று இருக்கிறது! பின்பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண் அவருடைய தாயார் லிவியா என்று பலர் சொல்கிறார்கள். பைபிளில் "இந்தக் காசில் இருப்பது யார் முகம்?" என்று ஏசுநாதர் கேட்கிறாரே, அந்தக் காசு இதுதான் என்பது பொதுவான கருத்து.

நம்ம பக்கம் வந்த கதை

சரி, ரோமாபுரிக் குடும்பக் கதைக்கும் எடப்பாடிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மண்ணைத் தோண்டிக் கிடைத்த ரோமாபுரி வெள்ளிக் காசுகளில் மிகுதியானவை இந்த இரண்டு ரகம்தான். பேரன்கள் நிற்கும் அகஸ்டஸ் காசு, அம்மா உட்கார்ந்திருக்கும் டைபீரியஸ் காசு. அதிலும் அதிகமாகக் கிடைப்பது நம் கொங்கு நாட்டில்!

கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842-ம் ஆண்டு 500-க்கு மேற்பட்ட காசுகள் கிடைத்தன. அதே ஊரில் 1891-ல் 180, 1931-ல் 121. அன்று கோவை மாவட்டம் ஈரோடு தாலுகாவில் இருந்த கத்தாங்கண்ணியில் 1913-ல் 233. உடுமலைப்பேட்டைப் பக்கம் பூதிநத்தத்தில் 1946-ல் 1,398!

காரணம், இது வியாபாரப் பாதை. யவனர் கப்பல்கள் பருவக்காற்றைப் பிடித்து மேற்குக் கடற்கரையில் முசிறித் துறைமுகத்துக்கு வரும். அங்கிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக வண்டிச் சரக்கு கொங்கு நாட்டுக்குள் நுழையும். வெள்ளலூர், நொய்யல் கரையில் கொடுமணல், அப்புறம் கரூர்.

கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985 முதல் தோண்டிப் பார்த்தபோது, மணிக்கல் பட்டை தீட்டிய பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. காங்கேயம் பக்கத்துப் படியூரில் கடல் நிறத்து மணிக்கல் வெட்டி எடுத்திருக்கிறார்கள். ரோமாபுரிச் சீமாட்டிகளுக்கு நம்ம ஊர்க் கல் என்றால் உயிர்.

இதைக் கண்டு வயிறு எரிந்த ஒருவர் பிளினி. முதல் நூற்றாண்டு ரோமாபுரி எழுத்தாளர். ஆண்டுதோறும் 5 கோடி "செஸ்டர்ஸ்" பணத்தை இந்தியா உறிஞ்சுகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். 4 செஸ்டர்சுக்கு ஒரு வெள்ளிக் காசு. கணக்குப் போட்டால் ஒன்றேகால் கோடி வெள்ளிக் காசு!

முகத்தில் உளி வெட்டு

சக்கரவர்த்தி ஆசை ஆசையாய் அனுப்பிய முகத்தை நம் முன்னோர் எப்படி மதித்தார்கள்? இங்கேதான் வேடிக்கை.

புதுக்கோட்டைச் சீமை கருக்காக்குறிச்சியில் 1898-ம் ஆண்டு 501 ரோமாபுரிப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில், சரியாக ராஜாவின் தலை மேலேயே உளியால் ஒரு வெட்டு! மாற்றுப் பார்க்க வெட்டினார்களா, காசாகச் செல்லக்கூடாது என்று வெட்டினார்களா? ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எதுவானாலும் ராஜா முகத்துக்குப் பயந்தவர்கள் செய்கிற காரியம் இல்லை அது.

இன்னொரு சாட்சியும் உண்டு. கி.பி. 64-ல் நீரோ மன்னர் காசின் எடையில் கை வைத்தார். ஒரு ராத்தல் வெள்ளியில் 84 காசு அடித்து வந்ததை ஏறக்குறைய 96 ஆக்கினார். வெள்ளியின் சுத்தத்தையும் குறைத்தார். அதற்குப் பிறகு அடித்த வெள்ளிக் காசு இங்கே கிடைப்பது அபூர்வம்.

"எந்த ராஜா ஆட்சியில இருக்கான்னு நம்மாளு பார்க்கலீங்க. வெள்ளி சுத்தமா, எடை சரியா, அவ்வளவுதான். செத்துப்போன ராஜா காசா இருந்தாலும் சரின்னு வாங்கிட்டான்" என்று சிரிக்கிறார் பெரியவர்.

அந்த வித்தையைக் கவனித்த ஒருவரும் இங்கே இருந்தார். சேர மன்னர்! "மாக்கோதை" என்ற பெயரைத் தமிழி எழுத்தில் பொறித்து, தலையும் போட்ட வெள்ளிக் காசுகள் கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்துள்ளன. ரோமாபுரிக் காசைப் பார்த்துச் செய்த அமைப்பு இது என்கிறார்கள் நாணய ஆராய்ச்சியாளர்கள். அவன் முகத்தை அவன் போட்டால், நம் முகத்தை நாம் போட்டுக்கொள்கிறோம்! சங்க காலத் தமிழ்க் காசுகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்து, 1997-ல் நூலாக்கியவர் மறைந்த "தினமலர்" ஆசிரியர் இரா.கிருஷ்ணமூர்த்தி. அவர் தேடாமல் இருந்திருந்தால் பல காசு பாத்திரக்கடை உலைக்குப் போயிருக்கும்.

உருகிப் போன காசு

இனி, நம் பெரியவர் பார்த்த அந்த அசல் காசுக்கு வருவோம். அவர் கூறியதாவது:-

"நாப்பது வருஷம் இருக்கும். கொலுசு வாங்க ஒரு வெள்ளிப் பட்டறைக்குப் போயிருந்தேன். ஒரு விவசாயி மண்ணு ஒட்டின காசு ஒண்ணைக் கொண்டாந்தாரு. பட்டறைக்காரர் கல்லுல உரசிப் பார்த்தாரு. 'நல்ல வெள்ளிதான்' என்றாரு. எடை போட்டாரு, பணம் கொடுத்தாரு. நான் ஒரு தடவை வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ரெண்டு பையன் நிக்கிறது மட்டும் ஞாபகம். என் கண்ணு முன்னால மூசையில போட்டுட்டாரு. ஒரு வருஷம் கழிச்சு ஒரு புஸ்தகத்துல அதே படத்தைப் பார்த்தேன் தம்பி. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை.

"காசு போனது கூடப் பரவாயில்லீங்க. அந்த ரகம் எழும்பூர் மியூசியத்துல போய்ப் பார்க்கலாம். ஆனா அந்த விவசாயி எந்த ஊரு, எந்தக் காட்டுல தோண்டினாரு, இன்னும் எத்தனை காசு இருந்தது? நான் கேக்கலை. பட்டறைக்காரரும் கேக்கலை. நம்ம பக்கத்துல யவன வியாபாரம் நடந்ததுக்கு அது ஒரு சாட்சியா இருந்திருக்கும். அந்தச் சாட்சி இப்ப யார் கால்ல கொலுசா கிடக்குதோ!"

காசு சேர்க்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான் என்கிறார்.

சட்டம் என்ன சொல்கிறது?

மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால், கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இது 1878-ம் ஆண்டு இந்தியப் புதையல் சட்டம். கிராம நிர்வாக அதிகாரி, தாசில்தார் மூலமாகவும் தகவல் கொடுக்கலாம்.

"சொன்னால் பிடுங்கிக்கொள்வார்களே" என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. உரிமையாளர் யாரும் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்காரே எடுத்துக்கொண்டால் உலோகத்தின் விலையோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். பட்டறைக்காரர் உலோக விலைக்கு மேல் தருவாரா?

மறைத்தால் பங்கும் போகும், ஓர் ஆண்டு வரை ஜெயிலும் கிடைக்கலாம். பழங்காசை வெளிநாட்டுக்குக் கடத்தினால், 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

காசு சேர்க்க விரும்பும் இளைஞர்களுக்குப் பெரியவர் சொல்லும் யோசனைகள்: "ரோமாபுரிக் காசு மலிவு விலை" என்று எவனாவது சந்தையில் நீட்டினால் உஷார், முக்கால்வாசி வார்ப்படப் போலி. கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். கிடைத்த இடத்தை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். சேலம், ஈரோடு, கோவை மூன்று ஊரிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நாம் புறப்படும்போது நகல் காசைத் துணியில் முடிந்துகொண்டே பெரியவர் சொன்னார்: "வீடு கட்டக் கடைக்கால் தோண்டுறாங்க, கிணறு தோண்டுறாங்க, குழாய் போடத் தெருவெல்லாம் தோண்டுறாங்க. நாளைக்கே எவன் மம்முட்டியிலயாவது ரெண்டு பையன் மாட்டலாம். 'எந்த ஊரு, எந்தக் காடு'ன்னு ஒருத்தன் கேட்டாப் போதும் தம்பி."